எஸ்டிமேட்டுக்கு முன்னால் கேளுங்கள்: வேலூர் வார்டுகளில் தெருக்காரர்களோடு சேர்ந்து பொது இடம் அமைப்பது

பேவர் பிளாக், சுற்றிலும் கம்பி வேலி, மூன்று சிமெண்ட் பெஞ்சு, ஒரு கல்வெட்டு, கேட்டில் பூட்டு. இப்படி ஒரு பூங்காவை எந்த ஊரிலும் காட்டிவிடலாம். அதைக் கட்டும்போது மக்களிடம் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கூட்டம் நடந்திருக்கும், டீ கொடுத்திருப்பார்கள், வருகைப் பதிவில் கையெழுத்தும் இருக்கும். ஆனால் அன்றைக்கே ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) கையில் எஸ்டிமேட் முடிந்திருக்கும். எஸ்டிமேட் முடிந்த பிறகு தெருக்காரர் சொல்லும் யோசனைக்கு இடமில்லை. வண்ணம் மட்டும் மாறும். ஆகவே இந்த வழிகாட்டியில் உள்ள வேலைகளில் முக்கால்வாசி, எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் நடக்க வேண்டியவை. குடியிருப்போர் சங்கம், கவுன்சிலர், சுய உதவிக் குழு, மாணவர்கள் என்று யார் முன்னெடுத்தாலும் முறை இதுதான். கணக்குக்கு வசதியாக 10 சென்ட் இடத்தை, அதாவது ஏறத்தாழ 20 மீட்டருக்கு 20 மீட்டர் மனையை, எடுத்துக்கொள்வோம்.

முதலில் நிலம் யாருடையது

காலியாகக் கிடப்பதெல்லாம் மாநகராட்சி நிலம் என்று நினைத்துக் கூட்டம் போட்டுவிட்டால், மூன்றாம் மாதம் யாராவது பத்திரத்தோடு வந்து நிற்பார். நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் புல வரைபடமும் வாங்குங்கள். சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பகுதிகள், காட்பாடி காந்தி நகர் போன்ற மனைப்பிரிவுகளில், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலேயே 'பூங்கா' என்று குறித்த மனை இருக்கும். இன்றைய விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும்; அவற்றுள் சிறியவற்றில் அதற்குப் பதிலாகப் பணம் கட்டும் வழியும் உண்டு. ஒதுக்கிய நிலம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வரைபடத்தில் பூங்கா இருந்து பத்திரம் இல்லாத இடங்கள் நிறைய. காகிதம் கைக்கு வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. பதிலுக்கு 30 நாள் கெடு.

இரண்டு எச்சரிக்கை. ஓட்டேரி ஏரிக்கரை, நிக்கல்சன் கால்வாய் ஓரம், பாலாற்றுப் பக்கம் போன்ற இடங்களில் 'நீர்நிலைப் புறம்போக்கு' என்று பதிவு இருந்தால் அங்கே கட்டுமானம் கூடாது. கரையில் மரமும் நடைபாதையும் என்ற அளவோடு நிறுத்துங்கள், அதற்கும் அந்த நீர்நிலையைப் பராமரிக்கும் துறையின் இசைவு வேண்டும். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்துக்குள் புதுக் கட்டுமானமே கூடாது; இரண்டாவது வட்டத்தில் ஒரு நிழற்கூரை போடுவதற்குக்கூட அனுமதி கேட்டாக வேண்டும். மக்கள் ஆசையாக வரைந்து முடித்த பிறகு இதைச் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

எண்ணுங்கள்

கூட்டம் போடுவதற்கு முன் இடத்தைக் கணக்கெடுங்கள். இரண்டு பேர், ஒரு அட்டை, ஒரு பேனா போதும். வார நாள் இரண்டு, ஞாயிறு ஒன்று. காலை 6, 10, மதியம் 1, மாலை 5, இரவு 8 என்று ஐந்து வேளை. ஒவ்வொரு வேளையிலும் இரண்டு கணக்கு. ஒருவர் கடைவீதிக் கணக்குப்பிள்ளை மாதிரி நான்கு கோடு, ஒரு குறுக்குக்கோடு போட்டுப் பத்து நிமிடம் கடந்துபோகிறவர்களை எண்ண வேண்டும்; ஆறால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு. இன்னொருவர் இடத்தை ஒரே முறை சுற்றி, நிற்கிறவர், உட்கார்ந்திருக்கிறவர், விளையாடுகிறவர், விற்கிறவர் என்று படத்தில் புள்ளி வைக்க வேண்டும். ஆண், பெண், குழந்தை, முதியவர் தனித்தனிக் கட்டம். நிறுத்தியிருக்கும் பைக்குகளையும் எண்ணுங்கள்; பின்னால் சண்டை வருவதே அதில்தான்.

இந்தக் கணக்கு எதற்கு? கூட்டத்தில் குரல் பெரியவர் சொல்வதே நியாயமாகிவிடும். 'சாயங்காலம் அங்க பொம்பளைங்க யாரும் வர்றதில்லீங்க' என்று ஒருவர் சொல்லும்போது, மாலை 5 மணிக்கு 43 பெண்கள் கடந்தார்கள், ஒருவர்கூட நிற்கவில்லை என்ற சீட்டு உங்கள் கையில் இருந்தால் பேச்சு வேறு திசைக்குப் போகும்.

நிழலையும் குறியுங்கள். வேலூரில் பெஞ்சின் தலையெழுத்தை நிழல்தான் எழுதுகிறது. காலை 9, நண்பகல் 12, மாலை 3, 5 என்று நான்கு முறை நிழலின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாசியில் எடுத்த கோட்டை நம்பி விடாதீர்கள். சித்திரை முதல் பாதியில் உச்சிச் சூரியன் இங்கே நேர் தலைக்கு மேல் நிற்கிறது. மாசியில் சுவரோரம் தெரிந்த மதிய நிழல் அப்போது இருக்காது. கருங்கல் பெஞ்சு வெயிலில் காய்ந்தால் இரவு எட்டு மணிக்கும் சுடும்.

யாரைக் கூப்பிடுவது, எங்கே, எப்போது

'பொதுமக்கள் அனைவரும் வருக' என்று எழுதினால் வழக்கமாக வரும் இருபது பேர் வருவார்கள், அதில் பதினெட்டு பேர் ஓய்வு பெற்ற ஆண்கள். அவர்கள் மேல் குறையில்லை, நேரம் இருக்கிறது, வருகிறார்கள். வராதவர்களைத் தேடிப் போவதுதான் உங்கள் வேலை.

பட்டியல் இப்படி இருக்கட்டும்: முனையில் பூ விற்கும் அம்மா, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார், டீக்கடை, இஸ்திரி வண்டி, அந்தத் தெருவின் தூய்மைப் பணியாளர்கள், அங்கன்வாடி ஆசிரியை, 12 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள், சக்கர நாற்காலியிலோ கைத்தடியோடோ போகிறவர்கள். பீடி சுற்றும் பெண்கள் இருக்கும் தெருவில் அன்றைய கட்டு முடியாமல் யாரும் எழுந்து வர முடியாது. அவர்கள் கூடி உட்கார்ந்து சுற்றும் திண்ணைக்கே போய்ப் பேசுங்கள், கை வேலை செய்துகொண்டே பதில் சொல்வார்கள். உருது பேசும் குடும்பங்கள் உள்ள தெருவில் நோட்டீசின் பின்பக்கம் உருது. காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம் என்றால், சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள்தான் தெருவை அதிகம் பயன்படுத்துகிறவர்கள். வங்காளமும் இந்தியும் தெலுங்கும் பேசும் அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, கால் வலி மட்டும் உண்டு. லாட்ஜ் வரவேற்பில் நான்கு கேள்விச் சீட்டு வைத்தால் போதும்.

இடத் தேர்வில் தவறினால் எல்லாம் தவறும். கோயில் மண்டபம், சாதிச் சங்கக் கட்டடம், கட்சி அலுவலகம், யாருடைய வீட்டு மாடியும் வேண்டாம். 'அங்க நாங்க வர்றது இல்ல' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். மாநகராட்சிப் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை வாசல், அல்லது அந்த இடத்திலேயே. வெள்ளிக்கிழமை மதியம், முகூர்த்த நாள், ஆடி வெள்ளி, மாத முதல் வாரத்தில் ரேஷன் போடும் காலை ஆகியவற்றைத் தவிருங்கள். மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை ஓடும் கத்திரி வெயிலில் மாலை 6க்கு முன் வெளியில் கூட்டம் வைக்காதீர்கள். ஏழு நாள் முன்னதாகப் பிட் நோட்டீஸ், முந்தைய நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி. வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பினால் போன் வைத்திருப்பவரின் கருத்துதான் குடும்பத்தின் கருத்தாக வந்து சேரும்.

கேள்வி கேட்கும் விதம்

'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்காதீர்கள். 'பார்க்கு வேணும், ஜிம்மு வேணும், சிசிடிவி வேணும்' என்ற மூன்றே பதில் வரும், எல்லா வார்டிலும். நேற்று நடந்ததைக் கேளுங்கள். 'நேத்து சாயங்காலம் எங்க உக்காந்துனு இருந்தீங்க?' 'பஸ்ஸுக்கு எங்க நிக்கிறீங்க, ஏன் அங்க?' 'புள்ளைங்க எங்க ஆடுதுங்க, யார் வெரட்டுறாங்க?' இந்தப் பதில்களில் பெஞ்சும் நிழலும் விளக்கும் தானாக இடம் சொல்லும்.

இருட்டைப் பற்றிக் கேட்க ஒரு தனி வழி. எட்டு முதல் பத்துப் பெண்கள், இரவு ஏழரை மணி, அமாவாசையை ஒட்டிய நாள். இடத்தை மெதுவாக ஒரு சுற்று நடந்து, நிற்கக் கூசும் இடத்திலெல்லாம் சாக்பீசில் ஒரு பெருக்கல் குறி. ஆண்கள் கூட வர வேண்டாம். காரணம் பெரும்பாலும் விளக்கு இல்லாமை மட்டும் இருக்காது: மறைக்கும் சுவர், நிற்கும் வேன், தப்பிக்க ஒரே வழி உள்ள மூலை. 9 மீட்டர் உயரத் தெருவிளக்கு மரக்கிளைக்கு மேலே எரிந்து கீழே இருட்டைக் கொட்டும். ஆள் நடமாடும் இடத்துக்கு 4 அல்லது 5 மீட்டர்க் கம்பம் பொருந்தும்.

சார்ட்டும் ஸ்டிக்கர் பொட்டும்

கூட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்து நிமிடத்தில் எது மாறலாம், எது மாறாது என்று சொல்லிவிடுங்கள்: நில எல்லை மாறாது, மின்மாற்றி நகராது, கழிவுநீர் மேன்ஹோலை மூட முடியாது, மற்றதெல்லாம் பேசலாம். கையில் எவ்வளவு பணம் என்றும் சொல்லுங்கள். மறைத்தால் ஆசை வளரும், பிறகு கோபம் வளரும்.

எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு சார்ட். 50க்கு 1 என்ற அளவில் வரைந்தால் நம் 20 மீட்டர் இடம் 40 சென்டிமீட்டராகி ஒரு சார்ட்டில் அடங்கும். அதே அளவில் வண்ணக் காகிதத்தில் துண்டுகள் வெட்டி வையுங்கள். ஆறடி பெஞ்சு 3.7 சென்டிமீட்டருக்கு 0.9. பைக் 4க்கு 1.6. பூ வண்டி 3.7க்கு 2.4. ஆட்டோ 5.2க்கு 2.6. ஆறு மீட்டர் விரிந்த வேப்பமரம் 12 சென்டிமீட்டர் வட்டம். சக்கர நாற்காலி திரும்ப வேண்டிய வட்டம் 3 சென்டிமீட்டர். துண்டுகளைக் கையில் எடுத்து வைத்துப் பார்க்கும்போதே 'எல்லாம் கொள்ளாது' என்பது யாரும் சொல்லாமல் விளங்கும். பெண்களுக்குத் தனிச் சார்ட் முதல் அரை மணி நேரம் இருக்கட்டும். பிறகு எல்லாச் சார்ட்டையும் சுவரில் ஒட்டுங்கள்.

தேர்வுக்கு ஸ்டிக்கர் பொட்டு. ஆளுக்கு மூன்று. பெண்களுக்கு மெரூன், ஆண்களுக்குக் கறுப்பு, பதினெட்டு வயதுக்குக் கீழே பச்சை. மொத்த எண்ணிக்கையைவிட நிறம் முக்கியம்: கறுப்பு மட்டும் குவிந்த இடத்தில் வைக்கும் பெஞ்சில் பெண்கள் உட்காரமாட்டார்கள்.

ஒரே ஆட்சேபம் எல்லா ஊரிலும் எழும்: 'பெஞ்சு போட்டா குடிகாரன் வந்து படுப்பான்.' இது நியாயமான பயம், தட்டிக்கழிக்காதீர்கள். பெஞ்சை எடுத்துவிடுவதால் குடிக்கிறவர் போகமாட்டார், பாட்டிதான் வீட்டுக்குள் போவார். சுற்றுச்சுவரை இரண்டரை அடிக்குள் நிறுத்தித் தெருவிலிருந்து உள்ளே முழுதும் தெரியும்படி செய்யுங்கள். பெஞ்சின் நடுவில் ஒரு கைப்பிடி வையுங்கள், முதியவர் ஊன்றி எழவும் உதவும், நீட்டிப் படுக்கவும் முடியாது. இரவு ஒன்பது வரை இருக்கும் பூக்கடையையோ டீக்கடையையோ நுழைவாயிலில் வையுங்கள். தெரு வியாபாரிகளை விரட்டி அமைக்கும் பூங்காவுக்குக் காவல் போட வேண்டியிருக்கும். சட்டமும் அவர்கள் பக்கம்: 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அவர்களின் பிரதிநிதிகள், அப்புறப்படுத்த 30 நாள் முன்னறிவிப்பு.

தரையில் கோலம் போடுங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் வேலை இது. சார்ட்டில் முடிவானதை முழு அளவில் அந்த இடத்திலேயே வரையுங்கள். மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புத் தூள் 25 கிலோ மூட்டை ஒன்று, சணல் கயிறு, நாலு முளைக்குச்சி, 30 மீட்டர் டேப். மாலை ஐந்து மணிக்குத் தொடங்குங்கள், வேடிக்கை பார்க்க வருகிறவர்களே கூட்டம். கோலம் போடத் தெரிந்தவர்களிடம் தூளைக் கொடுத்துவிட்டால் கோடு நேராக வரும்.

வரைந்ததும் சோதியுங்கள். சக்கர நாற்காலி ஒன்றை உருட்டிப் பாருங்கள், ஆட்டோவைத் திருப்பிப் பாருங்கள், குப்பை வண்டியை வரவழையுங்கள், பிள்ளைகளை சைக்கிளில் விடுங்கள். 15 சென்டிமீட்டர் படிக்கட்டுக்குச் சாய்தளம் 12க்கு 1 என்றால் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். ஆறடி எவ்வளவு என்று தரையில் பார்க்கும்போதுதான் 'அடேங்கப்பா, அது வாசல வரைக்கும் வருதே' என்பார்கள். கோட்டை அழித்து மாற்ற ஒரு துடைப்பம் போதும்; கான்கிரீட்டை மாற்ற ஜாக்ஹாம்மர் வேண்டும்.

ஒத்துக்கொண்ட பிறகு பதினான்கு நாள் வெள்ளோட்டம். சவுக்குக் கட்டை, 50 அல்லது 75 சதவீத நிழல்வலை, வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலி, மணல் மூட்டை. சாலையைத் தொட்டால் போக்குவரத்துக் காவலர் அனுமதி முதலில். வலையைத் தாழக் கட்டாதீர்கள். ஒன்பது அடிக்குக் கீழே கட்டினால் வெப்பம் தேங்கும். அதே சீட்டில், அதே வேளைகளில் மறுபடி எண்ணுங்கள். கடைக்காரர்கள் 'வண்டி நிறுத்த விடலன்னா யாவாரம் படுத்துடும்' என்றால் வாதாடாமல், வாசலில் நின்று முப்பது வாடிக்கையாளரிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டு எழுதிக் காட்டுங்கள். சில நேரம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். அப்போது திட்டத்தை மாற்றுங்கள்.

காகிதத்தில் ஏற்றுவது

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை (வார்டுக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள மக்கள் சபை) ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல் வந்தன. வார்டு குழுவுக்குத் தலைவர் உங்கள் கவுன்சிலர். வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு, நான்கு மண்டலம். உங்கள் சார்ட்டும் கணக்குச் சீட்டும் வெள்ளோட்டப் படமும் பகுதி சபையில் தீர்மானமாகி, வார்டு குழு வழியாக மாநகராட்சி மன்றத்துக்குப் போக வேண்டும். தீர்மானத்தில் 'பூங்கா மேம்பாடு' என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் எதையும் கட்டலாம். 'கைப்பிடியுள்ள 6 பெஞ்சு, 8 மரக்கன்று, 4 மீட்டர் உயரத்தில் 5 விளக்கு, இணைத்துள்ள வரைபடப்படி' என்று எழுதுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதி அரசு. தெரு வசூலில் அந்தப் பங்கு சேர்ந்தால் நல்லது, ஒரே ஆள் கொடுத்தால் அவர் பெயரில் வளைவு கேட்பார். முடங்கினால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வுக் கூட்டம் இருக்கிறது.

முதல் கூட்டத்திலேயே இன்னொன்றை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: அந்த இடத்தில் கொடிக்கம்பம், சிலை, கல்வெட்டு எதுவும் கிடையாது, எந்தச் சாமிக்கும் எந்தத் தலைவருக்கும். ஒரு நாள் இரவில் ஒரு பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டால் மறுநாள் எதிர்ப்பக்கம் ஒரு கம்பம் நிற்கும், பிறகு அந்த இடம் பொது இடம் அல்ல.

கட்டும்போது யார் பார்ப்பது

தெருவில் இருந்து மூன்று பேர், அதில் ஒருவராவது பெண், எஸ்டிமேட் நகலோடு தினம் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். கண்ணில் பட வேண்டியவை: ஆள் நடக்கும் இடத்தில் பேவர் பிளாக் 60 மில்லிமீட்டர், வண்டி ஏறும் இடத்தில் 80. மரத்தடியில் நாலடிக்கு நாலடியாவது மண் திறந்திருக்க வேண்டும், கழுத்து வரை கல் பதித்தால் மரம் சில வருடத்தில் காயும். இருக்கும் மரத்தைச் சுற்றித் திண்ணை கட்டினால் அடிமரத்தில் மண் ஏற்றாதீர்கள். பட்டை அழுகி, அடுத்த பெருங்காற்றில் சாயும். திண்ணை உயரம் ஒன்றரை அடி. மழைநீர் எங்கே போகிறது என்று ஒரு டேங்கர் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பில்லுக்கு ஒப்புங்கள்.

கன்றுகளை ஆடி கழித்து நடுங்கள், மாலை இடிமழையும் அடுத்து வடகிழக்குப் பருவமும் பிடித்துக்கொள்ளும். மூன்றடிக்கு மூன்றடிக் குழி, மூன்றடி ஆழம், இருபதடி இடைவெளி. வேம்பு, புங்கன், மகிழம், பூவரசு. நாவல் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடலாம், ஆனால் நடைபாதைக்கு மேல் வேண்டாம், பழக் கறையைக் கழுவப் போவது தூய்மைப் பணியாளர்தான், அவரைக் கேட்டுவிட்டு நடுங்கள். எட்டுக் கன்றுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைக்கு 20 லிட்டர், மொத்தம் ஏறக்குறைய பதினோரு குடம், முதல் இரண்டு கோடைக்கும். 'எல்லோரும் ஊற்றுவோம்' என்று முடிவெடுத்தால் யாரும் ஊற்றமாட்டார்கள். எதிர்வீடுகளில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு மரம், பெயரைக் கூட்டப் பதிவில் எழுதுங்கள்.

இடத்தில் ஆறடிக்கு நாலடிப் பலகை ஒன்று வைத்து, நீங்கள் கேட்டவை, செய்தவை, செய்யாதவை, செய்யாததற்குக் காரணம் என்று நான்கு பத்தியில் எழுதுங்கள். மூன்றாவது நான்காவது பத்திகளைத்தான் மக்கள் நின்று படிப்பார்கள்.

கேட் வைத்தே ஆக வேண்டும் என்றால் சாவி இரண்டு இருக்கட்டும்: ஒன்று மாநகராட்சிக் காவலரிடம், மற்றொன்று அதிகாலை ஐந்து மணிக்கு எழும் யாராவது ஒருவரிடம். பால்காரரோ பூக்காரம்மாவோ பொருத்தம். திறந்து ஆறு மாதம் கழித்து, அதே சீட்டை எடுத்துக்கொண்டு அதே ஐந்து வேளையும் மறுபடி எண்ணுங்கள். மதியம் ஒரு மணிக் கட்டம் காலியாக இருந்தால் கேட் பூட்டியிருக்கிறது, அல்லது மரம் இன்னும் வளரவில்லை.